பம்ப் செத்துவிட்டதா, இம்பெல்லர்தான் போயிருக்கிறதா?

மீன் தொட்டி ஃபில்டரைப் பழையதாக வாங்கியவர்களும், பரணில் கிடந்த பம்பைத் தூசி தட்டி ஓட்டிப் பார்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் ஏழு இந்த இதழில். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடையில் போய் கம்பெனிப் பெயரைச் சொல்லி ஸ்பேர் கேட்கிறார்கள், கடைக்காரர் கையை விரிக்கிறார். பெயரை விட்டுவிட்டு அளவைச் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது அதுதான்.

கேள்வி: நண்பர் தொட்டியைக் காலி செய்தபோது அவருடைய இன்டர்னல் ஃபில்டரை வாங்கிக்கொண்டேன். பிளக்கில் போட்டால் 'உம்ம்' என்று சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. 'மோட்டார் போச்சு, புதுசு வாங்கிக்கோங்க' என்கிறார் கடைக்காரர். ஸ்பேர் கிடைக்கவே கிடைக்காதா? (வாசகர், வேலூர்)

சத்தம் வருகிறது அல்லவா, அப்படியானால் மோட்டார் போகவில்லை. சத்தமும் இல்லை, தொட்டால் அதிர்வும் இல்லை, பத்து நிமிடம் கழித்தும் பாடி சூடாகவில்லை என்றால்தான் காயில் (உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்) போனதாக அர்த்தம். அதற்கு வைத்தியம் இல்லை. உங்களுடையது அப்படி இல்லை.

இந்தச் சின்னப் பம்புகளுக்குள் கார்பன் பிரஷ் கிடையாது, பேரிங் கிடையாது. செப்புக் கம்பிச் சுருளை ரெசின் ஊற்றி மொத்தமாக மூடியிருப்பார்கள், நடுவில் ஒரு குழி விட்டிருப்பார்கள். அந்தக் குழிக்குள் ஓர் உருளைக் காந்தம், காந்தத்தின் தலையில் ஒரு விசிறி. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இம்பெல்லர். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். காயிலும் காந்தமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதால் காயில் பல வருஷம் தாங்கும், தண்ணீரில் நனைந்துகொண்டே சுற்றுகிற பாகங்கள்தான் தேயும், உடையும், அடைத்துக்கொள்ளும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இம்பெல்லரை வெளியே எடுங்கள். வேலூர்ப் பக்கம் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் குழியின் சுவரில் வெள்ளையாக ஓடு மாதிரி உப்புப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் வராது. கடையில் விற்கிற வெள்ளை வினிகரில் இம்பெல்லரையும் பம்ப் தலையையும் போட்டு (ஒயரும் பிளக்கும் நனையாமல் வெளியே இருக்கட்டும்) ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள், காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வழித்துக்கொண்டு வந்துவிடும். பாதி 'செத்த' பம்புகள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் சுற்றவில்லை என்றால் இம்பெல்லரைக் கையில் வைத்து நிதானமாகப் பாருங்கள். காந்தத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு விசிறியை மற்றக் கையால் திருப்பினால், பல மாடல்களில் விசிறி அரைச் சுற்றுபோலத் தளர்வாக ஆடி ஓரிடத்தில் தட்டி நிற்கும். 'கழண்டுபோச்சு' என்று நினைத்து ஃபெவிக்விக் போட்டு ஒட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. காந்தம் முதலில் சுமை இல்லாமல் ஒரு துள்ளு துள்ளி வேகம் பிடிக்கும், அப்புறம்தான் விசிறியையும் தண்ணீரையும் இழுக்கும். ஒட்டிவிட்டால் அந்த இடம் போய்விடும், பம்ப் 'உம்ம்' என்று நின்ற இடத்திலேயே நடுங்கும். ஆட்டம் தட்டி நிற்காமல் முழுச் சுற்றும் வழுக்கிக்கொண்டு போனால் மட்டும் இம்பெல்லர் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஷாஃப்ட், அதாவது இம்பெல்லர் சுற்றுகிற அச்சு. வெள்ளையாக மெல்லிய குச்சி மாதிரி இருந்தால் அது செராமிக், சாக்பீஸ் மாதிரி படக்கென்று உடையும், நேராகத்தான் உருவ வேண்டும். உடைந்த துண்டு குழியின் அடியில் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் குட்டியாக ரப்பர் புஷ் இருக்கும். சிங்க்கில் கழுவும்போது ஓட்டை வழியாகப் போய்விடுவது இதுதான், அது இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஆடும், காந்தம் சுவரில் உரசும், கடகடவென்று சத்தம் வரும். காந்தத்தின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் தேய்ந்த தடமோ துருவேறிய வீக்கமோ தெரிந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மேலே இருக்கிற பூச்சு போனதும் தண்ணீர் உள்ளே இறங்கி இன்னும் வீங்கும். அந்த இம்பெல்லரை மாற்றத்தான் வேண்டும்.

இப்போது கடை. கிளம்பும் முன் வெர்னியரால் ஐந்து அளவு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: காந்தத்தின் விட்டம், காந்தத்தின் நீளம், விசிறியின் விட்டம், ஷாஃப்டின் விட்டம், ஷாஃப்டின் நீளம். காந்தத்தின் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குழிக்குள் இறங்காது, குறைந்தால் ஆடும். விசிறி கொஞ்சம் சின்னதாக இருந்தால் தண்ணீர் குறையுமே தவிர பம்ப் ஓடும். சோபோ, சன்சன், ரெசன் மாதிரி சீனப் பம்புகளோடு நம் சந்தையில் ஏகப்பட்ட பெயர்கள் ஓடுகின்றன, அட்டைப்பெட்டியில் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே வார்ப்பு என்பது சகஜம். அதனால்தான் பெயரைச் சொன்னால் கிடைக்காதது அளவைக் காட்டினால் கிடைக்கிறது. சென்னை வரும் வேலை இருந்தால் கொளத்தூர் பக்கம் போங்கள், வண்ண மீன் வியாபாரமே தெருத் தெருவாக நடக்கிற இடம். ரிப்பேர் பார்க்கிற கடையாகத் தேடி, 'செத்த பம்ப் ஏதாவது போட்டு வைத்திருக்கிறீர்களா' என்று கேளுங்கள். அப்படிப்பட்ட கடையில் மேசைக்கு அடியில் ஒரு டப்பா நிறைய கிடக்கும், காயில் போன பம்பின் இம்பெல்லர் பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கும். பழைய இம்பெல்லரைக் கையோடு கொண்டுபோங்கள், போட்டோ போதாது.

கேள்வி: பழைய கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா) ஒன்று மலிவாகக் கிடைத்தது. தலைப்பகுதியும் டப்பாவும் சேரும் இடத்தில் தண்ணீர் கசிகிறது. கம்பெனி ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஆன்லைனில் கேட்கிற விலை, நான் ஃபில்டருக்குக் கொடுத்த விலையில் பாதி! வேறு வழி? (வாசகி, கோயம்புத்தூர்)

ரிங்கை மாற்றும் முன் அதைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தைச் சுற்றி ஈரத்துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஒரே ஒரு மணல் துகள், ஒரு முடி, காய்ந்த பாசித் துணுக்கு போதும் கசிவதற்கு. ரிங்கையும் இரண்டு விரலால் லேசாக இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு இல்லாமல் மிருதுவாக இருந்தால், சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மறுபடி போட்டாலே நின்றுவிடலாம். தட்டையாக அமுங்கி ஒரு பக்கம் பட்டையாகிவிட்டிருந்தால் அது முடிந்தது.

கிரீஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் கேனிஸ்டரும் பழையதுதான். சிலிகான் கிரீஸ் கிடைக்கவில்லை, வாஸ்லின் தடவினேன். முதல் சில வாரம் அருமையாக இருந்தது. அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் எழுந்து வந்தால் ஹாலில் கால் வைத்ததும் சில்லென்று நனைகிறது, தொட்டியில் தண்ணீர் கால்வாசி இறங்கியிருக்கிறது. திறந்து பார்த்தேன், ரிங் ஊறி நீண்டு பள்ளத்தில் உட்காராமல் ஓரிடத்தில் அலை மாதிரி எழும்பி நின்றது. பெட்ரோலிய ஜெல்லி பலவகை ரப்பரை ஊறவைத்துவிடும், வாஸ்லினும் அதுதான். அன்றைக்கு மீன் ஒன்றும் சாகவில்லை, ஆனால் அந்த ஈரக் கால்மிதியின் மேலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சிலிகான் கிரீஸுக்கு மீன் கடைக்கு அலைய வேண்டாம். ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் செய்கிறவர்களிடம் கேளுங்கள், குடிதண்ணீர் ஃபில்டரின் ஹவுசிங்குக்கு அவர்கள் தடவுவதே அதுதான், சின்னப் பாக்கெட்டாகக்கூடத் தருவார்கள். ஓ-ரிங்குக்கு ஆயில் சீல், பேரிங் விற்கிற கடை. கோயம்புத்தூர் பம்ப் செய்கிற ஊர், அங்கே ஓ-ரிங் கிடைக்காமல் வேறெங்கே கிடைக்கும்! உள் விட்டமும் ரப்பரின் தடிமனும், இந்த இரண்டு அளவுதான் கேட்பார்கள். பழைய ரிங் நீண்டுபோயிருக்கும், அதனால் விட்டத்தை ரிங்கில் அளக்காமல் பள்ளத்தில் அளங்கள். ரப்பர் வகை கேட்டால் நைட்ரைல் போதும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ரிங்கை வெட்டுவாட்டில் பார்த்தால் வட்டமாக இல்லாமல் உதடு வைத்தோ, தட்டையாகவோ, பள்ளம் ஓடியோ இருந்தால் கடை ஓ-ரிங் அதற்குச் சேராது. அப்போது கம்பெனி ரிங்கையே வாங்கிவிடுங்கள், வலித்தாலும் பரவாயில்லை. மீட்டர் கணக்கில் ரப்பர் கயிறு வாங்கி, வெட்டி ஒட்டி ரிங் செய்கிறவர்களும் உண்டு. தொட்டியின் மொத்தத் தண்ணீரும் தரையில் கொட்டக் காத்திருக்கும் இடத்தில் ஒட்டுப்போட்ட ரிங்கை நான் நம்ப மாட்டேன்.

பழைய ஈஹெய்ம் கிளாசிக் மாதிரி ஜெர்மன் கேனிஸ்டர் யாராவது விற்றால் யோசிக்காமல் வாங்கலாம் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். வருஷக்கணக்காக அதே வடிவத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள், இம்பெல்லர், ரிங், ஷாஃப்ட் ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் உண்டு, நம்பரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். டியூபையும் அளவாகவே சொல்லியிருப்பார்கள்: 2213 மாடலுக்கு 12/16, அதாவது உள்ளே 12 மில்லிமீட்டர், வெளியே 16. அந்த அளவில் எந்த நல்ல பிளாஸ்டிக் டியூபும் சேரும்.

கேள்வி: உப்புப் படிவை எடுக்கப் பாத்ரூம் ஆசிட் ஊற்றலாமா? சீக்கிரம் போகும் என்கிறார்கள். (வாசகர், திருச்சி)

வேண்டாம். படிவு போகும், கூடவே ஸ்டீல் ஷாஃப்டும் காந்தத்தின் பூச்சும் போகும். வினிகர், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு, அல்லது மளிகைக் கடை லெமன் சால்ட்டைத் தண்ணீரில் கரைத்து. அவசரப்படாமல் ஒரு ராத்திரி விடுங்கள். இன்னொன்று, பழைய ஃபில்டரில் நோய்க்கிருமி இருக்குமென்று பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைப்பவர்கள் அதையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முடித்து நன்றாக அலசிய பிறகு மற்றது. கடைசியில் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துவிடுங்கள்.

கேள்வி: நியூஜெர்சியிலிருந்து திரும்பி வந்த அண்ணன், தொட்டியின் ஓரத்தில் தொங்கவிடும் ஃபில்டரைக் கொண்டுவந்திருக்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாமா? (வாசகர், திருநெல்வேலி)

வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துவிடும், ஹெர்ட்ஸை அதனால் மாற்ற முடியாது. அமெரிக்காவில் 60, நமக்கு 50. அங்கே 3600 சுற்று சுற்றிய இம்பெல்லர் இங்கே 3000தான் சுற்றும், வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், தண்ணீரை மேலே தூக்கும் உயரம் அதைவிட அதிகமாக, சுமார் 30 சதவீதம், இறங்கிவிடும். ஓரத்தில் தொங்கும் ஃபில்டர் வேலை செய்வதே தண்ணீரைத் தூக்குவதால்தான். காயிலும் வழக்கத்தைவிடச் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிற காசுக்கு இங்கே சின்னப் பம்ப் ஒன்று புதிதாகவே வந்துவிடும், அதனால் நான் செய்வது வேறு: அந்த டப்பாவையும் ஸ்பாஞ்சையும் வைத்துக்கொண்டு, தொட்டிக்குள் போடுகிற சின்ன 230 வோல்ட் பம்பிலிருந்து ஒரு டியூபை டப்பாவுக்குள் விடுவது. டப்பா எவ்வளவு தண்ணீரை வழிய விடுகிறதோ அதற்குள் பம்ப் இருக்க வேண்டும், பெரிய பம்ப் போட்டால் ஓரமாகப் பொங்கித் தரையில் கொட்டும். மோட்டார் தனியாகக் கழலும் மாடலாக இருந்தால், அதே மாடலுக்கு 230 வோல்ட் மோட்டார் மட்டும் கிடைக்கிறதா என்று முதலில் தேடிவிடுங்கள்.

கேள்வி: கார்ட்ரிட்ஜை (ஃபில்டருக்குள் செருகும் பஞ்சுத் தகட்டை) மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லி அட்டையில் போட்டிருக்கிறது. கட்டுப்படியாகவில்லை. (வாசகி, சேலம்)

மாற்றவே வேண்டாம். அந்தப் பஞ்சில்தான் மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா குடியிருக்கிறது, மாதாமாதம் அதைத் தூக்கிப் போட்டால் காசும் போகும், தொட்டியும் கலங்கும். மீன் கடையில் ஷீட்டாக விற்கிற ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒன்று வாங்கி, கார்ட்ரிட்ஜ் இருந்த இடத்தைவிட ஓர் அரை சென்டிமீட்டர் பெரிதாக வெட்டித் திணியுங்கள், இடைவெளி இருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே போய்விடும். அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு பக்கெட் தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள், குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். பழைய கார்ட்ரிட்ஜை உடனே எடுக்காமல் புது ஸ்பாஞ்சோடு மூன்று நான்கு வாரம் சேர்ந்து ஓட விடுங்கள். நுண்ணிய தூசியைப் பிடிக்கத் தலையணைக்கு அடைக்கிற பாலியெஸ்டர் பஞ்சு, நம் ஊரில் ரெக்ரான் என்பார்களே, அது போதும். வாசனையோ சாயமோ போடாததாகப் பார்த்து வாங்குங்கள். இலவம் பஞ்சு, மருந்துக் கடைப் பஞ்சு இரண்டும் தண்ணீரில் அழுகும்.

கார்பன் (கரி) எல்லா நேரமும் தேவையில்லை. மீனுக்கு மருந்து போட்ட பிறகு அந்த மருந்தை எடுக்க மட்டும் போதும்.

கேள்வி: ஏர் பம்பில் காற்று குறைந்துவிட்டது, ஓட்டம் மட்டும் பலமாகக் கேட்கிறது. தூக்கிப் போடுவதா? (வாசகர், புதுச்சேரி)

ஏர் ஸ்டோனை (டியூப் முனையில் குமிழி விடும் கல்) கழற்றிவிட்டு வெறும் டியூபைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். காற்று கொப்பளித்தால் ஸ்டோன்தான் அடைத்திருக்கிறது, அதை மாற்றுங்கள். அடைத்த ஸ்டோனோடு ஓட்டிக்கொண்டே இருந்ததால்தான் பல பம்புகளில் ரப்பர் கிழிகிறது. வெறும் டியூபிலும் காற்று வரவில்லை என்றால் அடியில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், காந்தம் ஒட்டிய கையின் நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், டயாபிராம். மடியும் இடத்தில் விரலால் அகட்டிப் பார்த்தால் பிளவு தெரியும். அதன் விட்டத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு போனால் சில பத்து ரூபாயில் கிடைக்கிற பொருள் அது. கூடவே டப்பாவில் உள்ள மெல்லிய ரப்பர் நாக்குகளையும் துடைத்துவிடுங்கள். பம்ப் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் கட்டாயம், கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: எலி ஃபில்டர் ஒயரைக் கடித்துவிட்டது. செம்பு தெரிகிறது. மற்றபடி பம்ப் நன்றாக இருக்கிறது, இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டலாமா? (வாசகர், நாகர்கோவில்)

கூடாது. இந்தப் பக்கத்தில் எத்தனையோ விஷயத்துக்குக் காசை மிச்சம் பிடிக்க வழி சொன்னேன், இந்த ஓரிடத்தில் மட்டும் யார் கேட்டாலும் என் பதில் அதுதான். டேப்பின் பசை ஈரத்தில் விட்டுவிடும், தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து வரும், தொட்டிக்குள் கை விடுவது பெரும்பாலும் வீட்டில் உள்ள குழந்தைதான்.

கடித்த இடம் பிளக்குக்குப் பக்கத்தில், தொட்டியை விட்டு நன்றாகத் தள்ளி இருந்தால், கடிபட்ட இடத்துக்குப் பம்பின் பக்கமாக ஒயரை வெட்டி, கடிபட்ட துண்டை எறிந்துவிட்டுப் புது பிளக் மாட்டலாம், மிச்ச ஒயர் தாராளமாக எட்ட வேண்டும். ஒயர் பம்பிலிருந்து வந்து, பிளக் பாயின்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, அப்புறம் மேலே ஏறட்டும். வழிந்து வருகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பாயின்டுக்குள் போகாது. தொட்டி வைத்திருக்கிற வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்பேருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

கடித்த இடம் பம்பின் பக்கம் என்றால், அல்லது பாடியிலேயே மயிரிழை அளவு வெடிப்பு தெரிந்தால், எந்தப் பசையும் போடாமல் அந்தப் பம்பை ஒதுக்கிவிடுங்கள். இம்பெல்லர், ஷாஃப்ட், ரப்பர் புஷ், கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கப், முன்மூடி, ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் கழற்றி, இம்பெல்லரின் அளவை ஒரு சீட்டில் எழுதி, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், வேலூர் நண்பர் மாதிரி யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள். பாடியைக் குப்பையில் போடும் முன் ஒயரை அடியோடு வெட்டிவிடுங்கள், யாராவது எடுத்துக்கொண்டு போய் பிளக்கில் மாட்டிவிடக் கூடாது.